மச்சானைச் சேர்த்துப் பதினாலாயிரம்

என் ட்ரோன் நான் சொல்கிற விலை வரைக்கும்தான் பறக்கும். எல்லார் ட்ரோனும் அப்படித்தான். இயற்பியல் மூன்றாம் ஆண்டில் இதற்கு ஒரு பாடம் உண்டு. தேர்வுக்கு வராது என்று நடத்தாமல் விட்டுவிட்டார்கள்.

விலையும் உயரமும் நேர்விகிதத்தில் இல்லை. ஐந்நூறு ரூபாய்க்கு முழங்கால். ஆயிரத்துக்கு இடுப்பு. ஐயாயிரத்துக்குத் தென்னை மரம். அதற்கு மேல் வரைபடத்தில் கோடு நன்றாக நிமிர்ந்துகொள்ளும். பதினாலாயிரத்துக்கு முந்நூற்றைம்பது அடி.

நான் எப்போதும் ஐந்நூறுதான் கேட்பேன். அதனால் ஒரு வருடமாக முழங்கால்களைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். தாராபுரத்தில் யாருடைய முழங்காலைக் காட்டினாலும் என்னால் பெயர் சொல்ல முடியும்.

ஒரு கல்யாண ஆல்பத்தை மாப்பிள்ளையின் அப்பா கடைசிப் பக்கம் வரை புரட்டினார்.

"வேட்டிக் கரையெல்லாம் நல்லா விழுந்திருக்குதுங்க" என்றார்.

நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ட்ரோனை அம்மாவின் வளையல்களை விற்று வாங்கினோம். அதனால் அது பறக்கும்போதெல்லாம் அம்மாவின் வெறுங்கை வளையல் சத்தத்தோடு குலுங்கும். ரசம் தாளித்துக்கொண்டிருந்தாலும் குலுங்கும். சத்தத்தை வைத்தே உயரத்தைச் சொல்லிவிடுவார்.

"இன்னிக்கும் முழங்காலா சாமி?" என்று ஃபோனில் கேட்பார்.

"ஆமாம்மா."

"வாயத் தொறந்து கேட்டா என்ன? வாய்க்குள்ள கொழுக்கட்டையா இருக்குது?"

கொழுக்கட்டை இல்லை. எண்தான் இருந்தது. அது தொண்டை வரைக்கும் ஒழுங்காக வரும். பல்லைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடும்.

"அந்தப் பித்தளைக் குண்டாவ வேற ரெண்டு மாசமாக் காணோம்" என்று அம்மா சேர்த்துக்கொள்வார். இரண்டும் ஒரே வகைக் கவலை என்பது அவர் எண்ணம்.

இந்த நிலையில்தான் சென்னியப்பன் கூப்பிட்டார். அவர் வீட்டுமனை சைட் போட்டு விற்பவர். காங்கயம் ரோட்டில் நாலு ஏக்கரைப் பிரித்திருந்தார். நாலு ஏக்கரும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்றார். முகப்பு வளைவிலிருந்து கிழக்கு மூலை வரை.

நான் கணக்குப் போட்டேன். லென்ஸின் கோணத்துக்கு முந்நூற்றைம்பது அடி வேண்டும். அதாவது பதினாலாயிரம். பிறகு வேறு வழியிலும் போட்டுப் பார்த்தேன். பேட்டரியின் தேய்மானம், காப்பீடு, உரிமம், பெட்ரோல், கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் நாட்கள், எனக்கென்று கொஞ்சம். அதுவும் பதினாலாயிரம் வந்தது. இரண்டு வழியிலும் ஒரே விடை. ஆய்வகத்தில் எனக்கு அப்படி நடந்ததே இல்லை.

வண்டியில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன். பதினாலாயிரம். ஹெல்மெட்டுக்குள் நன்றாக வந்தது. கொஞ்சம் எதிரொலியும் இருந்தது.

சைட்டில் கலர் கொடிகள் கட்டியிருந்தார்கள். எல்லைக்கற்களுக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். கிழக்கு மூலைக்கு மட்டும் கல் வரவில்லை. அதற்குப் பதிலாகச் சென்னியப்பனின் மச்சான் வேலுச்சாமி நின்றார். கையில் குடை. கால்களுக்கு முழங்காலுக்குக் கீழே வரை வெள்ளை அடித்திருந்தது.

அவர் முழங்காலைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஒரு காதுகுத்தில் எடுத்திருக்கிறேன்.

"கல்லு வர்ற வரைக்கும் நிக்கறேனுங்க" என்றார் அவர். "ஆடியில வரும்னாங்க."

"இப்ப மாசிங்களே."

"அடுத்த ஆடியா இருக்குமுங்க."

சென்னியப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் ட்ரோனைத் தரையில் வைத்து முடுக்கினேன்.

"எத்தனைங்க ஆகும் அம்மிணி?" என்றார்.

மரியாதைக்காக ஹெல்மெட்டைக் கழற்றினேன். அதுதான் தவறு. எண் ஹெல்மெட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

"நீங்களே பாத்துக் குடுங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான். பிளம்பர் சொல்வார். டியூஷன் டீச்சர் சொல்வார். ஆனால் ஓடுகிற ட்ரோனுக்கு முன்னால் சொல்லக் கூடாது. அதன் கையேட்டில் முதல் பக்கத்திலேயே சிவப்பில் போட்டிருக்கிறார்கள்.

ட்ரோன் தானாக எழும்பியது. முழங்காலைத் தாண்டியது. இடுப்பைத் தாண்டியது. தென்னையைத் தாண்டும்போது ஒரு முறை தயங்கியது, அங்கே யாராவது நிறுத்துவார்கள் என்று நினைத்ததைப் போல. பிறகு காற்றாலையின் இறக்கையைத் தாண்டியது. புள்ளியானது. புள்ளியும் போய்விட்டது.

ரிமோட்டில் உயரம் காட்டும் இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இருந்தது. பேட்டரியில் நாலு கட்டம் இருந்தது.

"எங்கீங்க போச்சு?" என்றார் சென்னியப்பன்.

"வெல சொல்லலீங்க. அதனால உயரம் இல்லீங்க."

"எறக்குங்க."

"வெல சொன்னாத்தானுங்க எறங்கும்."

"அப்ப சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். காற்று வந்தது.

"எனக்கென்னங்க தெரியும்" என்றார் அவர். "ஊருக்குள்ள என்ன ரேட்டுன்னு கேட்டுட்டு வாங்க. அப்பறம் பாத்துக்கலாம்."

பேட்டரியில் ஒரு கட்டம் அணைந்தது.

விலையில்லாத ட்ரோனுக்கு நேரம் ஆக ஆகப் பேட்டரி இறங்காது. 'பாத்துக்கலாம்' என்று யாராவது சொன்னால்தான் இறங்கும். ஜப்பானில் இதனால் பிரச்சினை இல்லையாம். தாராபுரத்தில் ஆபத்து. நாலும் அணைந்தால் ட்ரோன் விழுந்துவிடும். அம்மாவின் வளையல்கள் அத்தனையும் யாருடைய சோளக்காட்டிலாவது போய் விழும்.

நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஊரில் ட்ரோன் வைத்திருக்கும் இன்னொருவர் பிரகதீஷ். ஸ்டூடியோ வைத்திருக்கிறார். போன வருடம் அது மாடியில் இருந்தது. அவர் ஒவ்வொரு தடவை தள்ளுபடி கொடுக்கும்போதும் கொஞ்சம் இறங்கும். இப்போது வாசலிலிருந்தே படிகள் கீழே போகின்றன.

நான் இறங்க இறங்கப் படிகள் கூடிக்கொண்டே போயின. கீழே அவர் ஃபோனில் யாருக்கோ விலையைக் குறைத்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. பேசி முடிக்கும் வரை ஒரு படியில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

பிரகதீஷ் மார்பு வரை தரைக்குள் இருந்தார். சந்தோஷமாக இருந்தார்.

"வாங்க கோகிலவாணி. உக்காருங்க. நான் எந்திரிக்க முடியாது."

"ட்ரோனுக்கு நீங்க என்னங்க வாங்கறீங்க?"

"நான் வாங்கறதே இல்லீங்க. ஆல்பம் எடுத்தா ட்ரோன் ஃப்ரீ."

"ஃப்ரீன்னா எவ்வளவு உயரம் போகும்?"

"போகாதுங்க. கீழ எறங்கும்."

படங்களைக் காட்டினார். எல்லாம் பூமிக்கு அடியிலிருந்து எடுத்தவை. ஒரு வரவேற்பு, செருப்புகளின் அடிப்பக்கத்திலிருந்து. ஒரு மில்லின் அஸ்திவாரம். ஒரு புதுவீட்டின் செப்டிக் டேங்க், மாலை வெளிச்சத்தில்.

"நல்ல தெளிவுங்க" என்றேன். உண்மையாகவே தெளிவாக இருந்தது.

"ஆர்டர் குவியுது. மூச்சு விட நேரமில்லை" என்றார். மார்பு வரை தரைக்குள் இருந்ததால் மூச்சு விடவே கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

"நியாயமான வெல என்னன்னு யாரக் கேக்கறதுங்க?"

"அதுக்கு நியாய விலைக் கடைக்குத்தான் போகணும். ரேஷன் கார்டு இருக்குதல்லோ? ஒன்னும் பயப்படாதீங்க, பாத்துக்கலாம்."

இரண்டாவது கட்டம் அணைந்தது. அவர் கழுத்து வரை இறங்கினார். நான் விடைபெற்றேன். ஏறும்போது படிகள் இன்னும் கூடியிருந்தன.

ரேஷன் கடையில் வரிசை தெருமுனை வரை இருந்தது. எல்லோர் கையிலும் காலிப் பை. எனக்கு முன்னால் பரிமளா அக்கா நின்றார். அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிளவுஸ் தைப்பவர்.

"உனக்கென்ன கண்ணு மேல போச்சு?" என்றார்.

"ட்ரோனுங்க."

"அது பறக்கறதுதானே, பரவால்ல. என்னோடது தையல் மெஷினு."

ரிமோட்டில் கேமரா இன்னும் வேலை செய்தது. அதை மெதுவாகத் திருப்பினேன். ட்ரோனுக்குப் பக்கத்தில் ஒரு தையல் மெஷின் மிதந்துகொண்டிருந்தது. காற்றில் அதன் மிதி தானாக ஆடியது. கொஞ்சம் தள்ளி ஒரு தவில். ஒரு ஏணி. பாதிக் கணக்கோடு ஒரு கரும்பலகை. 'நீங்களே பாத்துக் குடுங்க' என்று யாரோ சொன்னபோது மேலே போனவை. தாராபுரத்துக்கு மேலே வானம் நிறைய இருந்தன.

பரிமளா அக்கா திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தார்.

"ஊசியில நூலு கோத்தபடி இருக்குதா பாரு."

"இருக்குதுங்க்கா. பச்சை நூலு."

"அது வாத்தியாரம்மா பிளவுசு. தை மாசமே குடுத்திருக்கோணும்."

அவர் கண் கலங்கியது. அழுபவர்களிடம் என்ன சொல்வது என்று எனக்கு எப்போதும் தெரியாது.

"பாத்துக்கலாங்க்கா" என்றேன்.

மூன்றாவது கட்டம் அணைந்தது. இதற்கு நானே காரணம். திரையை இடுப்போடு சாய்த்து மறைத்துக்கொண்டேன்.

பரிமளா அக்கா காலிப் பையோடு திரும்பினார். பிறகு என் முறை வந்தது. கடைக்காரம்மா தலை நிமிரவில்லை.

"இந்த மாசம் வெல வந்திருக்குது. நியாயம் லோடு வரல."

"எப்பங்க வரும்?"

"பாமாயிலோட வரும்."

"அப்ப வெல மட்டும் குடுங்க."

"கைரேகை வைங்க."

வைத்தேன். மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டியது. துடைத்துவிட்டு வைத்தேன். மறுபடி சிவப்பு. அவர் கண்ணாடியை இறக்கி மெஷினைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க ரேகை கூச்சப்படுதுங்க. வெளிய வர மாட்டீங்குது."

"இன்னொரு விரலை வைக்கட்டுங்களா?"

"அதுவும் உங்க விரல்தானே? வீட்டுல வேற ஆள் இருந்தா வரச் சொல்லுங்க. அடுத்து."

நான் நகர்ந்தேன். எனக்குப் பின்னால் நின்ற ஏணிக்காரர் கட்டை விரலை வேட்டியில் தேய்த்துக்கொண்டே முன்னே போனார்.

அம்மா கூப்பிட்டார். பின்னால் வளையல் சத்தம் பலமாகக் கேட்டது.

"என்ன கண்ணு, கை நிக்கவே மாட்டீங்குது. மாவு கரைக்கக்கூட முடியல. எவ்வளவு ஒசரத்துல உட்டிருக்கற?"

"ஒசரமே இல்லம்மா."

அம்மா புரிந்துகொண்டார். "பாத்துக் குடுங்கன்னுட்டியா?"

"ம்."

"எத்தனை கட்டம் இருக்குது?"

"ஒன்னு."

அம்மா 'பாத்துக்கலாம்' என்று சொல்லாமல் ஃபோனை வைத்தார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

சைட்டுக்குத் திரும்பினேன். பரிமளா அக்காவும் பின்னால் உட்கார்ந்து வந்தார். திரையில் மெஷினைப் பார்த்துக்கொண்டே வரலாம் என்றார்.

சென்னியப்பன் அதே நாற்காலியில் இருந்தார்.

"ரேட்டு கேட்டீங்களா?"

"கெடைக்கலீங்க."

"சரி உடுங்க. நானே சொல்றேன். ரெண்டாயிரம்."

நான் விலையை அவரிடம் விட்டிருந்ததால் அவர் சொன்னது செல்லுபடியானது. ட்ரோன் வானத்திலிருந்து கல் மாதிரி இறங்கி எங்கள் தலைக்குச் சற்று மேலே நின்றது. ஃப்ரேமில் அவருடைய வழுக்கை, பரிமளா அக்காவின் பை, என் ஹெல்மெட் மூன்றும் விழுந்தன. ஃப்ரேமில் விழாதது இருக்காது. இது படம் எடுக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் மூவரையும் நாற்காலியையும் தவிரச் சுற்றிலும் அச்சடிக்காத காகிதம் போல வெள்ளையாக ஆகிவிட்டது.

சென்னியப்பன் எழுந்து விளிம்பு வரை போய் எட்டிப் பார்த்தார்.

"சைட்டு எங்கீங்க?"

"ரெண்டாயிரத்துக்கு வெளிய இருக்குதுங்க."

"ஐயாயிரம்."

ட்ரோன் ஏறியது. முகப்பு வளைவும் முதல் வரிசைக் கற்களும் வந்தன. வளைவில் அவருடைய அப்பா பெயர் இருந்தது. அவருக்கு மூச்சு வந்தது.

"எட்டாயிரம்."

கிணறு வந்தது. அவருடைய கார் வந்தது.

"பத்தாயிரம்."

எல்லாம் வந்தது. கிழக்கு மூலை மட்டும் வரவில்லை. அங்கே வெள்ளையாக இருந்தது. அவருடைய ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா" என்றார் வேலுச்சாமி. "எங்கிருக்கறேன்னு தெரியலீங்க மாமா."

"கொடை இருக்குதா மாப்ள?"

"கொடை இருக்குதுங்க. அதப் புடிச்ச கையத்தான் காணோம்."

"அப்படியே நில்லு."

ஃபோனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நிம்மதியாக இருந்தார்.

"மச்சான் இல்லாம பத்தாயிரம். நல்லாத்தானே இருக்குதுங்க? கல்லு வந்துட்டா அவன் எப்படியும் வேண்டாம்."

பத்தாயிரம் நான் அதுவரை வாங்காத தொகை. என் தலை பாதி ஆடிவிட்டது. ஆனால் படம் நாலு ஏக்கர் இல்லை. விலை பதினாலாயிரம் இல்லை. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்த கணக்கு அது. தலையை நடுவில் நிறுத்தினேன். கழுத்து வலித்தது.

ஹெல்மெட்டை எடுத்து மாட்டினேன். வார் போட்டேன். கண்ணாடியை இறக்கினேன். எண் உள்ளேதான் இருந்தது.

"பதினாலாயிரம்" என்றேன்.

"என்னங்க? கேக்கல."

பரிமளா அக்கா என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியை மட்டும் தூக்கினேன்.

"பதினாலாயிரங்க."

ட்ரோன் ஏறியது. ரிமோட்டில் கோடு இருந்த இடத்தில் முந்நூற்றைம்பது என்று வந்தது. கிழக்கு மூலையில் வேலுச்சாமி திரும்ப வந்தார். குடையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். மற்றபடி நன்றாக இருந்தார்.

சென்னியப்பன் கணக்குப் போட்டார்.

"அப்ப மச்சானுக்கு மட்டும் நாலாயிரமா? அவன் அவ்வளவு பெற மாட்டானுங்க."

"மச்சானத் தனியாக் குடுக்கறதில்லீங்க. சேத்துத்தான்."

"நம்ம புள்ள மாதர நெனச்சுக் கேக்கறேன். கொஞ்சம் கொறைங்க."

திரையைப் பார்த்தேன்.

"எந்தப் பக்கம் கொறைக்கட்டுங்க? வளைவுப் பக்கமா, கெணத்துப் பக்கமா?"

அவர் வளைவைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மச்சானை வெகுநேரம் பார்த்தார். வீட்டில் அவர் சம்சாரத்துக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிப்பது தெரிந்தது.

"இருக்கட்டுங்க" என்றார்.

படம் எடுத்தேன். நாலு ஏக்கரும் விழுந்தது. மேலிருந்து பார்க்க வேலுச்சாமி ஒரு நல்ல எல்லைக்கல்லாகத்தான் தெரிந்தார்.

ஆனால் ட்ரோன் இன்னும் மேலேதான் இருந்தது. பணம் வந்தால்தான் தரைக்கு வரும். சென்னியப்பன் ஃபோனை எடுத்தார்.

"இப்பத்திக்குப் பாதி போட்டுடறேன் அம்மிணி. மீதிய அப்பறம் பாத்து..."

"சொல்லாதீங்க!"

நான் யாரையும் பாதிப் பேச்சில் நிறுத்தியதே இல்லை. தூரத்தில் ஒரு காற்றாலை சுற்றுவதை நிறுத்திக்கொண்டது. கடைசிக் கட்டம் அணையப் போய்த் திரும்ப எரிந்தது. சென்னியப்பனின் வாய் திறந்தபடி இருந்தது. மீதி வார்த்தை கன்னத்துக்குள் புடைத்துத் தெரிந்தது. அதை அவர் மெதுவாக மென்று விழுங்கினார்.

"முழுசாவே போட்டுடறேனுங்க" என்றார்.

பணம் வந்தது. ட்ரோன் என் காலடியில் வந்து உட்கார்ந்தது. தொட்டால் பனி மாதிரி ஜில்லென்று இருந்தது. அதன் காலில் ஒரு பச்சை நூல் சிக்கியிருந்தது. நூலின் மறுமுனை மேலே போயிருந்தது.

பரிமளா அக்கா நூலைப் பிடித்தார். இழுத்தார். வரவில்லை.

"வெலயச் சொல்லுங்க்கா."

"பிளவுசு முன்னூறு" என்றார் தன் சேலைத் தலைப்பிடம்.

நூல் கொஞ்சம் தளர்ந்தது. நான் ஹெல்மெட்டைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டேன்.

"லைனிங் வெச்சா நானூத்தம்பது!" என்று உள்ளேயிருந்து கேட்டது. நூல் நன்றாகத் தொய்ந்தது. மேகத்துக்குக் கீழே கறுப்பாக ஒன்று தெரிந்தது. மிதி ஆடிக்கொண்டே இறங்கியது. சென்னியப்பன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார்.

அம்மா கூப்பிட்டார்.

"சத்தம் நின்னு போச்சு சாமி. எறக்கிட்டியா?"

"எறக்கிட்டேம்மா."

"எவ்வளவு கேட்ட?"

"பதினாலாயிரம்."

"குடுத்தாங்களா?"

"முழுசா."

அந்தப் பக்கம் அம்மாவின் சிரிப்பு தரையிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போனது. பிறகு அம்மாவின் தலை விட்டத்தில் இடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

"அம்மா, மெதுவா எறங்கும்மா."

"எதுக்கு அவசரம்? பரண் மேல இவ்வளவு ஒட்டடை இருக்குதுன்னு கீழயிருந்து தெரியவே இல்ல. ஒருக்காத் தொடச்சுட்டு எறங்கறேன்" என்றார் அம்மா. ஏதோ உருளும் சத்தம் கேட்டது. "அட, குண்டா இங்கதான் இருக்குது."